மடித்த துணி வட்டங்களில் குவில்ட்: எந்த வழியில் தைப்பது?

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை குப்புற விழுந்து தவழும் காலத்தில் தரையில் விரிக்க ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். "சித்தி, வட்டம் வட்டமா வெட்டி, ஓரத்தை இதழ் மாதிரி மடிச்சுத் தைப்பீங்களே, அது மாதிரி வேணும்" என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அதை எந்த முறையில் தைப்பது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. குவில்ட் என்றால் நடுவில் பஞ்சு வைத்து, மேலும் கீழும் துணி சேர்த்துத் தைக்கும் விரிப்பு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இதழ்க் குவில்ட்டை மூன்று, நான்கு வழிகளில் தைக்கலாம். துணிச் செலவு, நேரம், எடை, துவைக்கும் பாடு எல்லாம் வழிக்கு வழி மாறும். நான் இதுவரை மூன்று தைத்து முடித்திருக்கிறேன், ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது தரையில் விரிக்க மட்டும்தான். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ குவில்ட்டோ இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

சாதாரண குவில்ட் தைப்பவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. மேல்துணியை ஒட்டுப்போட்டு முடித்த பிறகு, அதன் கீழே பஞ்சு, அதற்கும் கீழே அடித்துணி என்று மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் ஊக்கு குத்தி, மொத்தத்தையும் சுருட்டி மெஷின் கழுத்துக்குள் நுழைத்துத் தைக்க வேண்டும். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஆறு ஏழு இஞ்ச்தான் இருக்கும். ஒற்றைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அந்த இடத்தில் தள்ளித் தைத்தவர்களின் தோள்வலி அவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ஒவ்வொரு கட்டத்தையும் பஞ்சோடு சேர்த்து முழுதாக முடித்துவிட்டு, முடிந்த கட்டங்களை இணைத்துக்கொண்டே போகும் முறை. 1980களில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஜார்ஜியா போன்ஸ்டீல், மடியில் வைத்தே கட்டம் கட்டமாகத் தைத்து முடிப்பதைக் கற்றுக்கொடுத்து இதை வீடு வீடாகக் கொண்டுபோனார். மடித்த வட்டம் இந்த முறைக்கென்றே பிறந்தது போலப் பொருந்துகிறது. இதழைப் படிய வைக்கப் போடும் தையலே பஞ்சையும் அடித்துணியையும் பிடித்துக்கொள்கிறது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டிங் என்று தனியாக ஒரு வேலை கிடையாது. சுற்றிலும் பார்டர் பட்டியும் வேண்டாம், ஏனென்றால் கடைசி வரிசையின் இதழ்களை உள்ளே மடித்துவிட்டால் ஓரம் தானாகவே முடிந்துவிடும்.

வட்டத்துக்குள் சதுரம்

எந்த முறையானாலும் கணக்கு ஒன்றுதான். வட்டத்துக்குள் நான்கு மூலையும் விளிம்பைத் தொடும்படி ஒரு சதுரம் வரைந்தால், அதன் பக்கம் வட்டத்தின் குறுக்களவில் பத்தில் ஏழு பங்கு இருக்கும். 8 இஞ்ச் வட்டத்துக்கு 5⅝ இஞ்ச் சதுரம். சதுரத்துக்கு வெளியே நான்கு பக்கமும் மிஞ்சும் பிறைகள்தான் இதழ்கள். நடுவில் ஒரு இஞ்சுக்குச் சற்று மேல், மூலைகளில் ஒன்றுமே இல்லை. மூலைக்கு வரும்போது இதழ் மெலிந்து மறைந்துவிடுவதால், நான்கு கட்டங்கள் சேரும் இடத்தில் துணி மலைபோல் குவியாது. இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான் தைக்கும் குழந்தை விரிப்புக்கு அகலத்தில் 6, நீளத்தில் 8, ஆக 48 வட்டம். முடிந்த அளவு ஏறக்குறைய 34க்கு 45 இஞ்ச். இதே வட்டத்தில் ஒற்றைக் கட்டிலுக்குத் தைத்தால் 11க்கு 15, அதாவது 165 வட்டம் ஆகும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 48 வட்டத்துக்கு இனிமையாக இருக்கும் வேலை 165 வட்டத்துக்குத் தண்டனையாக மாறலாம்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வெட்டிய வட்டத்தின் பிசிரடிக்கும் விளிம்பை என்ன செய்யப் போகிறீர்கள்? அப்படியே விடலாம். கையால் உள்ளே மடிக்கலாம். இன்னொரு வட்டத்தோடு சேர்த்துத் தைத்துத் திருப்பலாம். இல்லையென்றால் வட்டமே வெட்டாமல் சதுரத்தை மடித்து மடித்து இதே தோற்றத்தைக் கொண்டுவரலாம். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

விளிம்பை அப்படியே விடுவது

இது ஜீன்ஸுக்கான வழி. வட்டம் ஒற்றைத் துணி. உள்பக்கத்தில் சதுரக் கோடு வரைந்து, இரண்டு வட்டங்களை நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, கோட்டின் மேல் தைத்துக்கொண்டே போக வேண்டும். இதழ்கள் எழுந்து நிற்கும். நடுவில் பஞ்சுச் சதுரமும் பூத்துணிச் சதுரமும் வைத்து, இதழை மேலே மடித்து, விளிம்பிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மேல்தையல் போட்டால் முடிந்தது. துவைக்கத் துவைக்க ஓரம் பிசிரடித்து நூல் பூக்கும். தையல் இருப்பதால் பிசிர் அதைத் தாண்டி உள்ளே போகாது.

நான் முதலில் தைத்தது இதுதான். வீட்டில் சேர்ந்துகிடந்த பழைய பேண்ட்களை வெட்டியதில் ஒன்றுக்கு எட்டிலிருந்து பத்து வட்டம் தேறியது. கட்டில் அளவுக்கு 18 பேண்ட் வரை தேவைப்பட்டதால் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் கேட்டு வாங்கினேன். 16 நம்பர் ஊசி போட்டு என் பழைய மிதி மெஷினிலேயே தைத்தேன். நேர்த்தையல் மட்டும் போடும் அந்தக் கறுப்பு மெஷின் நான்கு மடிப்பு ஜீன்ஸையும் தயங்காமல் குத்திப் போகும். வேலையும் வேகம்தான், திருப்புவதும் இல்லை, தேய்ப்பதும் இல்லை.

ஆனால் எடை! 165 வட்டம் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று கிலோ இருந்தது. நனைத்தபோது என்னால் தனியாகப் பிழிய முடியவில்லை. இருவர் இரு பக்கம் பிடித்து முறுக்கி, மொட்டைமாடிச் சுவரில்தான் காயப்போட்டோம், கொடி தாங்கவில்லை. முதல் மூன்று துவையலில் உதிரும் நூல் சாக்கடையை அடைக்கும் அளவுக்கு வரும், வாளியில் தனியாக அலசி நூலை எடுத்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகள் மாடியில் விரித்துப் படுக்க, பயணத்தில் காரில் போட இதைப் போல வேறில்லை. தவழும் குழந்தைக்கு நான் இதைத் தரமாட்டேன். உதிர்கிற நூல் வாய்க்குத்தான் போகும். மெல்லிய பாப்ளினில் இந்த முறையே வேண்டாம், பிசிர் தையலைத் தாண்டி ஓடிவிடும்.

கையால் மடிப்பது

ஜப்பானிய மடிப்பு ஒட்டுவேலையில் பார்க்கும் முறை இது. 8½ இஞ்ச் வட்டம் வெட்டி, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் 8 இஞ்ச் அட்டை வட்டத்தை வைத்து நூலை இழுத்தால் விளிம்பு அட்டையின் மேல் சுருங்கி மடியும். தேய்த்து, அட்டையை உருவிவிட்டால் சுத்தமான வட்டம் கிடைக்கும். அதில் பஞ்சும் பூத்துணிச் சதுரமும் வைத்து, நான்கு பக்கமும் மடித்து, இதழின் ஓரத்தைக் கையால் ஹெம்மிங் செய்ய வேண்டும். முடிந்த கட்டங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சின்னச் சின்னத் தையலால் இணைக்கலாம்.

மெஷினே வேண்டாம். ஒரு டப்பாவில் பத்து வட்டம், நூல், ஊசி, சின்னக் கத்தரி போட்டுக்கொண்டால் ரயிலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வேலை நடக்கும். எங்கள் அம்மா படுத்திருந்த மாதங்களில் நான் தைத்தது இப்படித்தான். ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் வரை ஆனது. அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய நாளில் என் கைக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது. அதனால் இந்த முறையை மெதுவானது என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

துணிச் செலவும் இதில்தான் மிகக் குறைவு. 44 இஞ்ச் அகலத் துணியில் 8½ இஞ்ச் வட்டம் ஒரு வரிசைக்கு ஐந்து வரும். 48 வட்டத்துக்கு 2¼ மீட்டர், உள்ளே வைக்கும் சதுரங்களுக்கு ஒரு மீட்டர், அவ்வளவுதான். முடிந்தது கையில் பூப்போல இருக்கும்.

குறை ஒன்று உண்டு. மூலைகளில், இதழும் சதுரமும் சேரும் முனையில், வட்டத் துணியின் உள்பக்கம் லேசாக எட்டிப் பார்க்கும். அச்சுப் போட்ட துணி என்றால் உள்பக்கம் வெளிறி, உறுத்தலாகத் தெரியும். இதற்கு நம் ஊர்க் கடையிலேயே பதில் இருக்கிறது. கட்டம் போட்ட கைத்தறி வாங்குங்கள். நூலுக்குச் சாயமேற்றி நெய்த துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. கட்டம் போட்ட லுங்கித் துணி, செட்டிநாட்டுக் காட்டன் சேலையின் உடல்பகுதி எல்லாம் இதற்கு அருமையாகப் பொருந்தும். சேலையில் இன்னொரு லாபம், ஐந்தரை மீட்டர் நீளம் கிடைக்கும்.

சாயத்தை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு சிவப்புச் சேலையைக் கல் உப்பில் ஒரு இரவு ஊறவைத்துவிட்டால் போதும் என்று நம்பித் தைத்தேன். முதல் துவையலிலேயே வெள்ளைச் சதுரங்கள் அத்தனையும் ரோஜா நிறமாயின. இப்போதெல்லாம் ஒரு மூலையைச் சுடுநீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். கறை படிந்தால் அந்தத் துணி வேறு வேலைக்கு.

இரண்டு வட்டம் சேர்த்துத் திருப்புவது

நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி இரண்டு வட்டத்தை வைத்து, கால் இஞ்ச் விட்டுச் சுற்றிலும் முழுதாகத் தைக்க வேண்டும், வாய் விடத் தேவையில்லை. ஒரு வட்டத்தின் நடுவில் இரண்டு இஞ்ச் கீறி, அதன் வழியாகத் திருப்பி, தேய்க்க வேண்டும். கீறலைக் கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாகப் போட்டால் பிசிர் குறையும். பின்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க இரண்டு இரண்டாக வைத்து, சதுரக் கோட்டில் தைத்து இணைத்து, நடுவில் பஞ்சும் பூத்துணிச் சதுரமும் வைத்து, மேலே எழும் இதழ்களை மடித்து, ஓரத்தையொட்டி மேல்தையல் போட வேண்டும். கீறல் சதுரத்துணிக்கு அடியில் மறைந்துவிடும்.

இதை முதல் தடவை தைக்கும்போது நான் கவனிக்காத ஒன்றை இரண்டாம் தடவையில்தான் கண்டுகொண்டேன். இதழை மடிக்கும்போது மேலே தெரிவது பின்பக்க வட்டத்தின் துணி. முன்பக்க வட்டம் சதுரத்துக்கும் இதழுக்கும் அடியில் முழுக்க மறைந்துவிடுகிறது. அப்படியென்றால் அதற்குப் புதுத்துணி எதற்கு? பழைய வேட்டி போதும். ஒரு 8 முழ வேட்டியில் 48 வட்டம் தாராளமாக வெட்டலாம். துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆன வேட்டி மெல்லியதாக இருப்பதால் திருப்பும்போது விளிம்பும் தடிக்காது. இரண்டு மடங்கு துணி பிடிக்கும் முறை என்று இதைப் பலர் ஒதுக்குகிறார்கள். வேட்டி போட்டால் புதுத்துணிக் கணக்கு கையால் மடிக்கும் முறைக்குச் சமமாக வந்துவிடுகிறது.

நேரமும் பாதிதான். வட்டம் தைக்க, திருப்ப, தேய்க்க, இணைக்க, இதழ் படிய வைக்க எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு கட்டத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது. பிசிர் எங்கும் வெளியே இல்லை. பின்பக்கம் சதுரக் கட்டங்களும் அவற்றுக்குள் பூப்போன்ற தையல் கோடுகளுமாகத் தனி அழகோடு இருக்கும், திருப்பியும் விரிக்கலாம். 34க்கு 45 அளவு ஐநூறு, அறுநூறு கிராமுக்குள் அடங்குகிறது, ஒரு வாளியில் துவைத்துவிடலாம்.

பிழை வரும் இடங்கள் இரண்டு. முதலாவது, நான்கு வட்டங்கள் சேரும் புள்ளியில் சின்ன ஓட்டை. இணைப்புத் தையல் சதுரத்தின் மூலையில் சரியாகத் தொடங்கி, சரியாக முடிய வேண்டும். ஒரு தையல் முன்னதாக நின்றாலும் அங்கே பென்சில் முனை நுழையும் அளவு இடைவெளி விழுந்துவிடும், குழந்தையின் விரலும் நகமும் அதைத்தான் தேடிப் போகும். மூலையைத் தாண்டி ஒரு தையல் போட்டு, திரும்ப மூன்று தையல் வந்து பூட்டுங்கள். இரண்டாவது, துணியின் இழை. வட்டத்துக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. வெட்டிய பிறகு இழையைத் தேடினால் கண் வலிக்கும். அட்டையிலேயே ஒரு அம்புக்குறி போட்டு, துணியின் கரைக்கு இணையாக வைத்து வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலும் பென்சிலால் குறித்த பிறகே வெட்டுங்கள். சதுரக் கோடு நேர் இழையில் விழுந்தால் இணைப்புகள் இழுபடாது. கிராஸில் விழுந்தால் ஒரு வரிசை முடிவதற்குள் அரை இஞ்ச் கூடியிருக்கும், அடுத்த வரிசையோடு பொருந்தவே பொருந்தாது.

வரிசைகளைச் சேர்க்கும்போது முடிந்த பகுதி எப்போதும் ஊசிக்கு இடப்பக்கம் கிடக்கட்டும். புது வரிசை மட்டும் மெஷின் கழுத்துக்குள் போகட்டும். ஆறு இஞ்ச் இடம் அதற்குப் போதும்.

சதுரத்தை மடித்து மடித்து

மேலைநாடுகளில் தேவாலய ஜன்னல் என்று சொல்லும் பழைய முறை. மடித்த வட்டங்கள் போலச் செய்வது இதைத்தான். 12½ இஞ்ச் சதுரத்தின் ஓரங்களைக் கால் இஞ்ச் உள்ளே மடித்து, மூலைகளை நடுவுக்கு இரண்டு தடவை மடித்தால் 6 இஞ்ச் கட்டம் வரும். இரண்டு கட்டங்கள் சேரும் கோட்டின் மேல் சின்னப் பூத்துணியைச் சாய்வாக வைத்து, மடிப்பு ஓரத்தை அதன் மேல் உருட்டித் தைப்பார்கள். மடிப்பு கிராஸில் இருப்பதால் அது தானாக வளைந்து கொடுக்கும். அந்த வளைவின் மென்மை வட்டத்தில் வெட்டிய இதழுக்கு வராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அழகில் இதுதான் முதல்.

ஆனால் முடிந்த பரப்பைப் போல நான்கு மடங்கு துணி தின்னும். 48 கட்டத்துக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், பூத்துணி தனி. பஞ்சே வைக்காமலும் கனமாக இருக்கும். மடிப்பில் ஒரு நூல் அளவு தவறினாலும் நான்காவது மடிப்பில் முனைகள் சேராது. நான் பாதியில் விட்டது இதைத்தான். தைத்த ஒன்பது கட்டங்களைக் குஷன் உறையாக்கினேன், அந்த அளவுக்கு இது மிக நல்ல முறை.

நம் பக்கத்தில் ஒரு வழி

வட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தைப் பார்க்கலாம். அங்கே ஆப்பிரிக்க வழிவந்த, சித்தி என்று பெயர் கொண்ட சமூகத்துப் பெண்கள் கவண்டி என்ற குவில்ட் தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். துணித்துண்டை வைப்பதும் அதை அடித்துணியோடு ஓட்டுத்தையலால் பிடிப்பதும் ஒரே வேலை. நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காமல் அவர்களுக்குக் குவில்ட் முழுமையாகாது. அளவு அட்டை, மெஷின், பஞ்சு எதுவும் தேவையில்லை. பழைய காட்டன் சேலைகள் குவிந்து, கணக்குப் பார்க்கப் பிடிக்காமல் இருப்பவர்களுக்கு வட்டங்களைவிட இதையே சொல்வேன்.

என் முடிவு

அக்கா மகளுக்கு இரண்டு வட்டம் சேர்த்துத் திருப்பும் முறைதான். பிசிர் இல்லை, எடை குறைவு, பிரசவத்துக்குள் முடியும். பின்பக்கத்துக்கு மஞ்சள் கட்டம் போட்ட கைத்தறி, உள்ளே அவள் தாத்தாவின் வேட்டி, சதுரங்களுக்கு மிச்சம் கிடந்த பூத்துணிகள். பஞ்சுக்குப் பதில் பழைய டர்க்கி டவலை 5¼ இஞ்சில் வெட்டி வைக்கிறேன். கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் நன்றாக உப்பித் தெரியும், ஆனால் நம் வெயிலில் அதன் மேல் குழந்தை வியர்த்துப்போகும். டவல் ஈரத்தையும் உறிஞ்சும், காய்ந்தும் விடும். எல்லாத் துணியையும் வெட்டுமுன் ஒரு தடவை துவைத்துவிட்டேன். டவல் ஒரு அளவு, புதுத்துணி ஒரு அளவு என்று பிறகு சுருங்கினால் கட்டம் கட்டமாக இழுத்துக்கொள்ளும்.

உங்களிடம் மெஷின் இல்லையென்றால், இருந்தும் உட்கார நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால், கையால் மடிக்கும் முறைக்குப் போங்கள். வீட்டில் ஜீன்ஸ் குவிந்து, வளர்ந்த பிள்ளைகளும் இருந்தால் பிசிர் முறை. கட்டில் அளவுக்கு முதல் முயற்சியிலேயே இறங்க வேண்டாம். அப்படியும் கட்டிலுக்குத்தான் வேண்டும் என்றால் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். 12 இஞ்ச் வட்டத்துக்குச் சதுரம் 8½ இஞ்சுக்குச் சற்றுக் குறைவு, 165க்குப் பதில் 70 வட்டத்தில் முடிந்துவிடும். அப்போது சதுரத்தின் நடுவில் குறுக்கே இரண்டு தையல் கூடுதலாகப் போட்டுவிடுங்கள், பஞ்சு நகராது.

துணிக்கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் துண்டுகளில் நான்கு வட்டம் மட்டும் வெட்டி, நான்கையும் சேர்த்துத் தைத்து, நடுப்புள்ளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி தெரியவில்லையென்றால் உங்கள் சதுரக் கோடு சரி, மிச்சத்தை வெட்டலாம். தெரிந்தால் அட்டைச் சதுரத்தை ஒரு நூல் குறைத்து வரைந்து, இன்னொரு நாலு வட்டம் தைத்துப் பாருங்கள். என் முதல் நாலு வட்டம் இன்னும் சமையலறையில் சூடான பாத்திரம் வைக்கும் துணியாகக் கிடக்கிறது.